நடைபாதைக்குக் கீழே போன கதவு

அனுப்புநர்
அரபா எசில்ஃபி, தையற்காரர்,
17, சுங்கமாளிகைத் தெரு,
பழைய நகரம், எபோக்ரோம், கானா.

பெறுநர்
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
பழைய நகரச் சீரமைப்புப் பிரிவு,
நகர மன்றம், எபோக்ரோம்.

பொருள்: புதிய நடைபாதையால் என் வாசற்கதவு திறக்க முடியாமல் போனது – நடைபாதையை வெட்டி வழிவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கடையும் வீடும் ஒரே அறை. ஏழு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்ததால் சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். எங்கள் தெருவுக்கு நடைபாதை வேண்டுமென்று மூன்று ஆண்டுகளுக்கு முன் நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கியவள் நானே. முதல் கையெழுத்தும் என்னுடையதே. ஆகவே தங்கள் பணிக்கு நான் எதிரி அல்ல. குழியும் சாக்கடையுமாகக் கிடந்த தெருவில் இன்று பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள். சந்தோஷம்தான். அதை நான் உள்ளே இருந்து பார்க்கிறேன்.

2. என் வாசற்கதவு மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாகப் பிரிந்து வெளிப்பக்கமாகத் திறப்பது. தெருவில் மற்றவர்களுக்கு உயரமான படி உண்டு. நாற்காலி போக வேண்டுமென்று என் படியை நானே இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தேன். புதிய நடைபாதை அதைவிட ஒரு முழம் உயரத்தில் வந்துவிட்டது. மே 24 முதல் கீழ்க்கதவு சிமெண்டில் முட்டி நிற்கிறது. கதவைக் கழற்றினாலும் எதிரே ஒரு முழச் சுவர். பின்புற முற்றம் வழியாகப் போகலாமே எனத் தாங்கள் கேட்கக்கூடும். அங்கே ஏழு படிகள். இன்றோடு நாற்பத்தோரு நாள். மழை பெய்தால் தெருத் தண்ணீர் மட்டும் தவறாமல் உள்ளே வருகிறது.

3. நடைபாதைக்கு அளவெடுப்பவர்கள் தலைநகரிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்கள். செவ்வாய் கடல் தெய்வத்தின் ஓய்வு நாள் என்பதால் அன்று எங்கள் ஊரில் யாரும் மீன்பிடிக்கக் கடலுக்குப் போவதில்லை. மீன் இல்லை, சந்தை இல்லை, எங்கள் தெருவில் ஒரு கதவும் திறக்காது. இது இங்கே குழந்தைக்கும் தெரியும். அவர்கள் யாரையும் கேட்காமல், என் கதவைப் "பயன்பாட்டில் இல்லாத கிடங்குக் கதவு" என்று வரைபடத்தில் குறித்துவிட்டார்கள். அப்போது நான் உள்ளே பள்ளிச் சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே பேச்சுக் குரலும் கேட்டது. எட்டிப் பார்க்காதது என் தவறு.

4. நடைபாதை போட்ட மேஸ்திரி, பென்ட்சில் என்பவரைக் கூப்பிட்டுக் கதவைக் காட்டினேன். "அக்கா, எனக்குக் கண்ணு தெரியுது, காகிதத்துக்குத் தெரியலையே. அதுல இங்க ஆளே இல்ல. இல்லாத ஆளுக்காக நான் எப்படி நடைபாதைய உடைக்கிறது?" என்றார். எதிரே கெங்கி என்னும் அவித்த சோளமாவு உருண்டை விற்கும் மாமே எக்குவா, "அப்ப தினமும் எங்கிட்ட ரெண்டு கெங்கி வாங்கித் திங்கிறது என்ன, பேயா?" என்று கேட்டார். மேஸ்திரி வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

5. ஜூன் 9 அன்று கடும் காய்ச்சல். எக்குவாவின் மகன்கள் இருவர் என்னை மரவள்ளி மூட்டையைப் போல மேல்கதவு வழியாகத் தூக்கி வெளியே எடுத்தார்கள். என் உடை கிழிந்தது. கால் தெரியாதபடி பார்த்துப் பார்த்து நானே தைத்த உடை அது. தெருவே நின்று பார்த்தது, சிலர் சிரித்தார்கள். அந்த அவமானத்துக்குக் காய்ச்சலே தேவலை, ஐயா.

6. என் முந்தைய மனுவுக்கு, "மேற்படி முகவரியில் குடியிருப்பு ஏதும் இல்லாததால் ஏற்கப்படவில்லை" என்று தங்கள் அலுவலகம் ஜூன் 20 அன்று பதில் அனுப்பியது. அதை என் கையில்தான் கொடுத்தார்கள். நேற்று அதே அலுவலகத்திலிருந்து அதே முகவரிக்கு இன்னொரு கடிதம் வந்தது. ஜூலை 14, சனிக்கிழமை, நடைபாதைத் திறப்பு விழாவாம். முதல் கையெழுத்திட்டவள் என்ற முறையில் நாடாவை நான் வெட்ட வேண்டுமாம்.

ஆகவே, அந்தத் தேதிக்குள் என் வாசலுக்கு நேரே நடைபாதையை வெட்டிச் சரிவு போட்டுத் தரவும், அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் வசிக்கிறாள் என்று வரைபடத்தைத் திருத்தவும் உத்தரவிட வேண்டுகிறேன். இனி யார் தோளிலும் ஏறி நான் வெளியே வரமாட்டேன். விழா நாள் காலையில் குளித்து, நல்ல உடை உடுத்தி, கீழ்க்கதவுக்குப் பின்னால் தயாராக உட்கார்ந்திருப்பேன். கதவு திறந்தால் வந்து நாடாவை வெட்டித் தருகிறேன். திறக்காவிட்டால், அழைத்த ஆள் எங்கே என்று கூட்டத்தில் கேட்பார்கள். அதற்கான பதிலை மேடையில் தாங்களே சொல்லிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: எபோக்ரோம்
நாள்: 4 ஜூலை 2018

இவண்,
அரபா எசில்ஃபி