கட்டிலுக்கடியில் ஓர் ஆள் இடம்

இன்று வீடு பெருக்கும்போது கட்டிலுக்கடியிலிருந்து மஞ்சள் நிறக் காதடைப்பான் ஒன்று துடைப்பத்தோடு வந்தது. என் தங்கைக்காக நீ கொண்டுவந்தது.

நம் இருவர் வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆட்கள் நாம்தான். பூந்தமல்லிப் பக்கம் ஒரே ஆய்வகத்தில் சேர்ந்தோம். ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை ஸ்கேன் வழியாக அறிவது அங்கே வேலை. திரையில் மேடும் பள்ளமுமாக வரும் கோட்டைப் படிப்பவள் நான். வருகிறவர்களை அசையாமல் படுக்கவைப்பவள் நீ. தலை சற்று அசைந்தாலும் மேடுகள் கலங்கிவிடும்.

ஆட்டிசம் உள்ள என் தங்கையையும் ஆய்வில் சேர்த்த பிறகு, அசையாமல் படுக்க அவளைப் பழக்குவதற்காக ஞாயிறுதோறும் நெமிலிச்சேரிக்கு எங்கள் வீடு தேடி வந்தாய். கட்டிலுக்கடியில் அவளோடு நீயும் மல்லாந்து படுத்து, ஸ்கேன் மெஷின் போடும் டொக்டொக் சத்தத்தைப் போலவே கட்டிலின் இரும்புச் சட்டத்தைக் கரண்டியால் தட்டினாய். "இன்னாடி, மிசினு பாட்டு எப்டி கீது?" என்றாய். யார் தொட்டாலும் கத்துகிறவள் உன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"நீயும்தான் கூடப் பொறந்த. உன்னாண்ட ஒரு நாளாவது இப்டி படுத்துகினு இருந்தாளா?" என்றாள் அம்மா. விளையாட்டாகத்தான். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

ஸ்கேன் அன்று உனக்கு விடுமுறை. "எத்தினி மணிக்குடி? வந்துர்றேன்" என்று கேட்டாய். பத்து மணிக்கு இருந்ததைப் பன்னிரண்டு என்றேன்.

என் பேச்சுக்கு அவள் மூன்று நிமிடம்கூடப் படுக்கவில்லை. என் கையைக் கடித்துவிட்டாள். வந்த கோட்டில் படிக்க எதுவும் தேறவில்லை. நீ வந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பல் தடத்தைப் பார்த்தாய். நேரத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "உடு, அடுத்த மாசம் பாத்துக்கலாம். நான் கூட கீறேன்ல?"

அந்த மாதம் முடிவதற்குள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. அவளுடைய கோடு இன்னும் எங்கள் கணினியில் இல்லை.

ஞாயிறானால் அவள் தானாகவே கட்டிலுக்கடியில் போய்ப் படுக்கிறாள். நானும் தவழ்ந்துபோய்த் தட்டுகிறேன். இரண்டு தட்டில் கரண்டியைப் பிடுங்கிவிடுகிறாள். பிறகு சுவரோரம் நகர்ந்து, எங்கள் நடுவில் ஓர் ஆள் படுக்க இடம் விடுகிறாள். போன வாரம் அதில் நான் நகர்ந்து படுத்தேன். தள்ளிவிட்டாள்.

நேரத்தை மாற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். மன்னித்துவிடு. ஆனாலும் இந்தப் பொறாமை போகவில்லை. அவளை இனியாவது எனக்குக் கொடேன் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.