மூன்றாமவளுக்கு வைத்த பெயர்

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நானும் பிள்ளைகள் மூன்று பேரும் நலம். மூன்று பேர் என்பதை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள். போன கடிதத்தில் ‘பிள்ளைகள் இருவரையும் கேட்டதாகச் சொல்’ என்று எழுதியிருந்தீர்கள்.

சமையலறைக் கூரை ஒழுகலை அடைத்தாயிற்று. பெரியவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. தனக்கும் விழ வேண்டும் என்று அடுத்தவள் இரண்டு நாளாக ஒரே அடம்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். “மூணாவதும் பொண்ணு. ‘போதும்’னு பேர் வை, அடுத்தது பையனாப் பொறக்கும்” என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். நீங்களும் ‘உங்க இஷ்டம்மா’ என்று அவருக்கு எழுதினீர்களாமே. என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நான் வேறு பெயர் நினைத்திருந்தேன். தையல் கம்பெனியில் என் மிஷினுக்குப் பின்னால் நிற்கும் இஸ்திரி அக்காவின் பெயர். அவர் வேறு பாஷைக்காரர். ஆறு வருஷமாக மிஷின் சத்தத்துக்கு மேலே அந்தப் பெயரைக் கத்திக் கூப்பிட்டிருக்கிறேன், வாய்க்கு அவ்வளவு இதமாக இருக்கும். அர்த்தம் கேட்டதேயில்லை. பூவோ நட்சத்திரமோ என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா குழந்தையைப் பார்க்க வந்தார். அவர் பெயரைத்தான் வைக்கப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது. “ஐயோ, வேணாம்மா! எங்க பாஷையில அதுக்குப் ‘போதும்’னு அர்த்தம். நான் அஞ்சாவது பொண்ணு” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தப் பாஷைக்காரர்களும் இதை மட்டும் மறக்கவில்லை பாருங்கள்! தம்பி பிறந்தானா என்று கேட்டேன். பிறக்கவில்லையாம். “நாப்பத்தாறு வருஷமா யார் கூப்பிட்டாலும் போதும் போதும்னுதான் என் காதுல விழுது” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

‘ஆசைப்பட்டுப் பெற்றவள்’ என்று அவர்கள் பாஷையில் பெயர் உண்டா என்று அவரிடமே கேட்டேன். உண்டாம். திங்கட்கிழமை காலையிலேயே போய்ப் பதிவு செய்துவிட்டேன். அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை. நல்லதாகப் போயிற்று, வீடு அமைதியாக இருக்கிறது. நீங்களும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்துப் பாருங்கள். எழுதியது எழுதியதுதான், மாற்ற மாட்டேன்.

பெயரைத் தனித் துண்டில் பெரிய எழுத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பதில் எழுதும்போது ‘குழந்தை நலமா’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உங்களுடைய அந்தப் பதிலை அவளுக்கு ஒருநாள் படித்துக் காட்டுவேன். ஆசைப்பட்டது நான் ஒருத்தி மட்டும்தான் என்று அவளுக்குத் தெரியவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மூன்று பெண்களின் தாய்