முதுகுப் பக்கம் வந்த திமிங்கிலம்

கதிரவெளி
10.10.2010

அன்பு மகன் நிலோஜனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கோழிகளும் சுகம், அம்மாளாச்சி புண்ணியத்தில் அந்தக் குளிர் நாட்டில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். அப்பா கடலுக்குப் போனது மெய்யா என்று போனில் நீ கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அதற்குள் லைனும் அறுந்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கச்சி கம்சாயினியைச் சுனாமி அலை கொண்டுபோன நாளிலிருந்து அப்பா கடலைப் பார்த்ததில்லை என்று உனக்குத் தெரியும். கடல் பக்கக் கதவுக்குப் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டு, நிவாரணத்தில் தந்த, தண்ணீரில் மிதக்கிற அந்தச் செம்மஞ்சள் ஜக்கெட்டோடுதான் படுத்து எழும்புவார். கரடியனாற்றில் மாமா மகளின் கலியாணத்துக்கும் பட்டு வேட்டிக்கு மேல் அதைத்தான் போட்டார், போட்டோவிலும் அப்படியே நிற்கிறார். இப்போது சண்டை முடிந்து கடலுக்கு விடுகிறார்கள் அல்லவா, ஓட்டமாவடி உசனார் ஒரு போட் எடுத்து வெள்ளைக்காரருக்குக் கடற்பறவையும் திமிங்கிலமும் காட்டத் தொடங்கியிருக்கிறார். ஆலாப் பறவைகள் கூடுகிற இடத்தில்தான் திமிங்கிலமும் வரும், அந்த இடம் முந்தி மீன்பிடிக்கப் போன அப்பாவுக்குத்தான் தெரியும் என்று வந்து, நீங்க வானத்த மட்டும் பாருங்க அண்ணன், தண்ணிய நான் பாத்துக்கிறன் என்று கெஞ்சினார். இவர், கண்ணகையும் வந்தா வாறன் என்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போட்டில் எல்லோரும் கடலைப் பார்த்திருக்க, இவர் முதுகைக் காட்டிக்கொண்டு என் முகத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி வந்தார். கடல் நாலு பக்கமும்தானே இருக்கிறது என்றால் கோபம் வருகிறது. ஆலாக்கள் கூட்டமாய் விழுந்தெழும்பிய இடத்தைச் சரியாகத்தான் காட்டினார். அங்கே அவருக்குப் பின்னால் தண்ணீர் பொங்கித் திமிங்கிலம் முதுகைக் காட்டியது, போட் ஒருமுறை எழும்பி இறங்கியது, வெள்ளைக்காரர் கத்தினார்கள், நானும் வாயைப் பிளந்தேன். எங்கள் முகங்களைப் பார்த்த மனிசன் அலைதான் திரும்ப வந்துவிட்டது என்று எண்ணி, ஓடுங்க, மேட்டுக்கு ஓடுங்க என்று நடுக்கடலில் நின்று கத்துகிறார். எந்த மேட்டுக்கு ஓடுவது? அதற்குள் ஜக்கெட்டைக் கழற்றி என் கழுத்துக்குள்ளால் மாட்டி வாரை இறுக்கிவிட்டார். ஆறு வருசமாக நான் கழற்றச் சொல்லிக் கழற்றாத சாமான், மகன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தோளைப் பிடித்துக் கடலைப் பார்க்கத் திருப்பிவிட்டேன். திமிங்கிலம் பெருமூச்சு விட்டு இவரை முழுக்க நனைத்துவிட்டுப் போனது. முகத்தை வழித்துவிட்டு அது போன பக்கம் பார்த்தவர், இவ்வளவு பெருசா வந்தும் ஒருத்தரையும் ஒண்டும் செய்யாமப் போகுது கா என்றார். வெள்ளைக்காரர் இவர் கத்தியதும் பயணத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். இனி ஒவ்வொரு பயணத்திலும் அப்படிக் கத்தச் சொல்லி உசனார் கேட்கிறார்.

வீட்டுக்கு வந்து ஈர உடுப்பைக்கூட மாற்றாமல் சுத்தியலைத் தேடினார். ஜக்கெட்டை இப்போது நான்தான் போட வேண்டுமாம், கழற்றினால் அவர் முகம் வாடுகிறது, ரொட்டி சுடும்போதும் இதோடுதான் நிற்கிறேன், இதை எழுதுவதும் இதோடுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. அம்மாளாச்சி உனக்குக் குறை ஒன்றும் வைக்க மாட்டாள். தைப்பொங்கலுக்கு வரும்போது றோட்டுப் பக்கத்தால் சுற்றி வராதே, கடல் பக்கக் கதவு திறந்திருக்கிறது.

உன் அம்மா
வி. கண்ணகை