காலையில் மட்டும் கிளம்பாத கார்

9 ஜூலை 1957, செவ்வாய்

இன்றும் கிளம்பவில்லை. இரவெல்லாம் மழை, காஜா பெராங் சாலை முழுக்க ஈரம். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, சுற்றுகிறது, பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது. எதிரே காப்பிக் கடை பெஞ்சில் இருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"மிஸ்ஸி, இதுக்கு ஒரு மாட்டு வண்டி வாங்கியிருக்கலாம்லா!"

நான் இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றவும் இல்லை. விட்டு விட்டு முயன்றேன். கடைசியில் இருமிக்கொண்டு கிளம்பியது. புகை நேராகக் காப்பிக் கடைக்குள் போனது. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான்.

மலாக்காவைச் சுற்றியுள்ள கம்போங் கிராமங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் பிரசவம் பார்க்கப் போகும் நர்சுகளில் கார் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். தாய்நாடு திரும்பிய ஒரு துரையம்மாளிடம் வாங்கினேன். போருக்கு முந்தைய கார். கிழம்தான். ஆனால் என்னுடையது.

12 ஜூலை, வெள்ளி

தேவதாஸ் அண்ணனின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். புது பாட்டரி போட்டார், பிளக்குகளை மாற்றினார். சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் உறுமியது.

"வண்டியில ஒண்ணுமில்ல சந்திரமதி. பொம்பள கைக்குப் பழகல, அவ்ளோதான்."

"காலையில வீட்டுக்கு வந்து பாருங்கண்ணே. காலையிலதான் மக்கர் பண்ணுது."

"எனக்கு வேற வேல இல்லியா?"

வீட்டிலிருந்து பட்டறைக்கு ஓட்டி வருவதற்குள் எஞ்சின் சூடாகிவிடுகிறது. சூடான பிறகு அது யாரிடமும் வம்பு செய்வதில்லை. இதை எப்படிச் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

13 ஜூலை, சனி

புது பாட்டரி. புது பிளக். கிளம்பவில்லை.

21 ஜூலை, ஞாயிறு

வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் என் அண்ணன் ஆரம்பித்தார்.

"தேவதாஸ்கிட்ட பேசிட்டேன். எஞ்சின் உள்ள தேஞ்சு போச்சாம். வந்த விலைக்குத் தள்ளிடலாம்ங்கிறாரு. வேணும்னா அவரே எடுத்துக்குவாராம்."

"என்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்னாரே?"

"உன்கிட்ட என்னத்தச் சொல்றது? நீ ஒத்துக்கவா போற?"

"என் வண்டியப் பத்தி என்கிட்டத்தான் பேசணும்ண்ணே."

"ஊரே சிரிக்குது, தெரியுமா? கலியாணசுந்தரம் தங்கச்சி கார்னு என் பேரச் சொல்லிச் சிரிக்கிறான்."

அப்படியா! சிரிப்புக்கூட அவர் பேரில்தான் போகிறது. அண்ணி சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்தார். அது அண்ணன் பக்கமா, என் பக்கமா, தெரியவில்லை.

விற்க மாட்டேன்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

இதை எழுத வேண்டாமென்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

விடிந்த கையோடு புக்கிட் ரம்பாய் தோட்டத்திலிருந்து, நிறைமாதமாயிருந்த அஞ்சலையின் கணவர் மருதமுத்து சைக்கிளில் வந்தார். "வலி எடுத்திருச்சு மிஸ்ஸி." பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கார் சுற்றியது, சுற்றியது. அவர் சைக்கிளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

கடைசியில் பக்கத்து வீட்டு இப்ராஹீம் பாய் தன் கடைக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த லோரியில் வேலையை நிறுத்திவிட்டு, என்னை அதில் ஏற்றி அனுப்பினார்.

போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பிடித்துவிட்டார்கள். நஞ்சுக்கொடி விழவில்லை. பாய் முழுக்க ரத்தம். என்னால் ஆனதைச் செய்தேன். அதே லோரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். பிழைத்துக்கொண்டாள். பிள்ளையும் நலம்.

மாலையில் வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கார் சத்தம் கேக்குதா கேக்குதான்னு காதக் கொடுத்துக்கிட்டே கெடந்தேன் மிஸ்ஸி."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான்—

7 ஆகஸ்ட், புதன்

ஆஸ்பத்திரி மேட்ரன் கூப்பிட்டார். இந்த மாதம் முடியும்வரை பார்ப்பாராம். அதற்குள் சரியாகவில்லையென்றால் வெளி வேலையை விட்டுவிட்டு நான் வார்டுக்குத் திரும்ப வேண்டுமாம்.

"சரியாகிவிடும்" என்றேன்.

"எப்படி?"

"தெரியாது. ஆனால் சரியாகும்."

நான் ஏன் வார்டுக்குப் போகணும்? அஞ்சலை மாதிரி எத்தனை பேர் காதக் கொடுத்துக்கிட்டுக் கெடக்காங்க? போக மாட்டேன். யார் சொன்னாலும் போக மாட்டேன்.

10 ஆகஸ்ட், சனி

இனி யாரையும் கேட்பதில்லை. நோயாளியிடம் கேட்பதுபோல் காரிடமே கேட்க வேண்டியதுதான். கோளாறு எப்போது வருகிறது? ராத்திரி முழுக்க நின்ற பிறகு. எப்போது வருவதில்லை? சூடான பிறகு ஒருநாளும் இல்லை. எஞ்சின் உள்ளே தேய்ந்திருந்தால் புக்கிட் ரம்பாய் மேட்டில் அப்படியா ஏறும்?

இன்று காலை பானெட்டைத் திறந்தேன். பாட்டரி எஞ்சினை நன்றாகவே சுற்றுகிறது, அது இல்லை. பிளக் வயரைக் கழற்றித் தீப்பொறி வருகிறதா என்று பார்த்தேன். கரண்ட் அடித்துத் தோள்வரை உதறியது. வருகிறது! பெட்ரோல் குழாயைக் கழற்றி டப்பாவில் பிடித்தேன். அதுவும் வருகிறது.

மிச்சம் இருப்பது காற்றுதான். குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தானே சோக்? நான் தினமும் இழுக்கிறேனே. கைப்பிடி முழுசாக வெளியே வருகிறதே.

வருகிறது. ஆனால் மறுமுனையில் என்ன நடக்கிறது? நான் உள்ளே உட்கார்ந்து இழுக்கும்போது வெளியே நின்று யார் பார்த்தார்கள்?

11 ஆகஸ்ட், ஞாயிறு

சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரஹீமாவைக் கூப்பிட்டேன். இப்ராஹீம் பாயின் மனைவி.

"வண்டியில ஏறி உக்காரு. நான் சொல்றப்ப அந்தக் கைப்பிடிய இழு."

"நானா? ஓட்டுற சீட்டுலயா? அவுக பாத்தா என்ன சொல்லுவாக?"

"பாத்தா பாக்கட்டும். ஏறு."

ஏறினாள். நான் எஞ்சின் மேலிருந்த மூடியைக் கழற்றினேன். கீழே ஒரு துவாரம். அதன் வாயில் காசு மாதிரி ஒரு தகடு. சோக்கை இழுத்தால் அந்தத் தகடு வாயை மூட வேண்டும்.

"இழு!"

தகடு லேசாக அசைந்து நின்றுவிட்டது. வாய் ஆவென்று திறந்தே இருந்தது.

"முழுசா இழுத்தியா?"

"இதுக்கு மேல இழுத்தா கையோட வந்திரும்க்கா!"

மறுபடி இழுக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். கம்பி ஓர் உறைக்குள் ஓடுகிறது. உறையைப் பிடித்துக்கொள்ளும் கிளிப் உடைந்து தொங்குகிறது. இழுக்கும்போது கம்பியோடு உறையும் சேர்ந்து போகிறது. இழுப்பு தகட்டுக்கு வந்து சேர்வதே இல்லை. இவ்வளவுதான்! இத்தனை காலைகளும் இவ்வளவுக்குத்தான்!

விரலால் தகட்டைத் தள்ளி வாயை மூடினேன். "இப்ப சாவியத் திருப்பு!"

அதைச் சத்தம் என்பதா? ஒரே திருப்பு. ரஹீமா பயந்து இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். நான் கத்தியே விட்டேன். அண்ணன் கையில் பேப்பரோடு வாசலுக்கு வந்தார். எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையெல்லாம் கரி. பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். போகட்டும்.

தொப்புள்கொடி கட்டும் நூலால் உறையை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன்.

12 ஆகஸ்ட், திங்கள்

மழைக் குளிர். ஒரே திருப்பு!

நேராகத் தேவதாஸ் அண்ணனிடம் போய் ஒரு கிளிப் கேட்டேன்.

"யாரு சொன்னா கிளிப்னு?"

"யாரும் சொல்லல. பாத்தேன்."

குனிந்து நூலை வெகுநேரம் பார்த்தார். புது கிளிப்பைப் போட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ஒரு காலையில நான் வந்து பாத்திருக்கணும்" என்றார்.

"ஆமாண்ணே, வந்திருக்கணும்" என்றேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அஞ்சலை கிடந்த கிடப்பைப் பார்த்தவள் நான்.

31 ஆகஸ்ட், சனி

சுதந்திரம் வந்துவிட்டது. தெருவெல்லாம் கொடி. திடலுக்குப் போக வேண்டுமென்று புதுச் சேலையை எடுத்து வைத்திருந்தேன். காலையிலேயே ஆள் வந்துவிட்டது. 'மெர்டேக்கா' என்று சுதந்திர முழக்கமிட்ட கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். வழி விட்டார்கள்.

பெண் குழந்தை. தகப்பன் துள்ளிக் குதித்தான். "சுதந்திரம்னே பேர் வச்சிரலாமா மிஸ்ஸி?" உள்ளேயிருந்து அவன் மனைவி, "மொதல்ல வெந்நி கொண்டா!" என்றாள்.

புதுச் சேலை அப்படியே இருக்கிறது.

2 செப்டம்பர், திங்கள்

மேட்ரன் வார்டைப் பற்றிப் பேசவில்லை. ஜாசின் பக்கமும் போய் வர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

போன வாரம் ரஹீமா சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "எனக்கும் ஓட்டச் சொல்லித் தருவீங்களாக்கா?" என்றாள்.

"பாய் என்ன சொல்றாரு?"

"வேணாம்னாக. நான் அவுககிட்ட உத்தரவு கேக்கலியே, சொல்லத்தானே செஞ்சேன்."

இன்று காலை அவள்தான் ஓட்டினாள். காஜா பெராங் முனையில் திரும்பும்போது எஞ்சின் நின்றுபோனது. பின்னால் ஒரு லோரி, அதற்குப் பின்னால் பஸ். எல்லோரும் ஹாரனை அழுத்தினார்கள். என் கை தானாகச் சாவிப் பக்கம் போனது.

"நீங்க சும்மா இருங்கக்கா" என்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கியரைத் தள்ளி, நிதானமாகச் சாவியைத் திருப்பினாள்.