நாலடி உள்ளே வந்த வேலி

இன்று காலை அடுப்பு மூட்டும்போது குசினி ஜன்னல் வழியாகக் கிளிசீரியா இலை கசங்கிய வாடை வந்தது. நில அளவையாளரின் ஆள், நாடா இழுப்பதற்காகப் பின்வேலியில் தழைத்து நிற்கும் கிளிசீரியாக் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தான். வேலிக்குக் கம்பு நட்டுவிட்டு வரும் நாட்களில், சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் உங்கள் கையை விட்டுப் போகாத வாடை. உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

மகளுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ். பின்வளவில் அவளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதாக மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தவர் நீங்கள். கொடுத்துவிட்டுப் போன வருடம் மௌத்தாகிவிட்டீர்கள். ஓடித்திரிகிறவள் நான்.

அளவையாளர் வரைபடத்தையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். "வேலி ஒங்க காணிக்குள்ளேயே நாலடி வந்து நிக்குதுங்க. பின்வீட்டுக்காரங்க தள்ளிட்டாங்களா?" என்று கேட்டார். தள்ளியது என் புருஷன்தான் என்று எந்த வாயால் சொல்வது?

நம் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்காரரும் மதில் கட்டினார்கள். நீங்கள் மட்டும் கம்பு நட்டீர்கள். நட்டது நீங்கள், அதில் மிளகுக்கொடி ஏற்றியது பின்வீட்டு மெனிக்கே அக்கா. ஒரு கம்பு பட்டுப்போனால் அதைப் பிடுங்க வேண்டியதுதானே? பிடுங்கினால் அவருடைய கொடி அறுந்துவிடுமாம். அதனால் பட்ட கம்பை விட்டுவிட்டு, நம் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் புதுக்கம்பு நட்டு, கொடியை அதற்கு மாற்றிக் கட்டுவீர்கள். நான் சண்டை பிடித்தால், "காய்ச்சிருக்கிற கொடியில கத்திய வைக்கச் சொல்றியா? ஒரு சாண்தானே, விடு" என்பீர்கள். அந்தச் சாண்கள் எல்லாம் சேர்ந்து இன்று மகளின் குசினியை விழுங்கிவிட்டன.

மகளையும் கூட்டிக்கொண்டு, வரைபடத்தோடு மெனிக்கே அக்காவிடம் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவரோ வரைபடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. "ஒங்க எடம்தானே தங்கச்சி, எடுத்துக்கங்க. புள்ளைக்கி வீடு முக்கியம்" என்று சொல்லிவிட்டு, கத்தியோடு வந்து முதல் கொடியைப் பிடித்தார். கொடி நிறையப் பச்சைச் சரம். பறிக்க இன்னும் ஒரு மாதமாவது வேண்டும்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க அக்கா. குசினியக் கொஞ்சம் சின்னதாக் கட்டிக்கிறோம்."

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்கு வந்தபின் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இனிமே வாப்பாவ ஏசாதீங்க உம்மா. அதுக்கு ஒங்களுக்கு வாயில்ல" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் போன நாளிலிருந்து உங்களை ஏசிக்கொண்டேதான் எழும்புகிறேன், ஏசிக்கொண்டேதான் உலை வைக்கிறேன். கூரை ஒழுகினாலும் கான் அடைத்துத் தண்ணீர் தேங்கினாலும் உங்களைத்தான் வாய்க்கு வந்தபடி கேட்டேன். உங்கள் பைத்தியக்காரத்தனம் எனக்கும் ஒட்டியிருப்பது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு சமைத்தேன். நீங்கள் இல்லை என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.