எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்

அன்புள்ள பவுலின்,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். பிள்ளைக்குச் சளி விட்டதா?

பயப்படாதே, சின்ன விஷயம்தான். நான் சமைக்கும் நுவரெலியா விடுதியில் இரண்டு ஹிப்பிகள் தங்கியிருக்கிறார்கள். ராக் குழுக்களில் டோர்ஸ் பெரிதா, பிங்க் ஃபிளாய்ட் பெரிதா என்று ஓயாத சண்டை. நேற்று இரண்டு இசைத்தட்டையும் போட்டுக் காட்டி, தேநீர் கொண்டுபோன என்னிடம், "நீ எந்தப் பக்கம்?" என்றார்கள்.

தோட்டத்தில் உன் அண்ணனிடமும் எந்தத் தொழிற்சங்கம் என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். மறுநாள் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது அவர் பேரைக் கூப்பிடவில்லை. இவர்களை யார் அனுப்பினார்களோ!

"ரெண்டுமே நல்லாருக்குங்க தொரை" என்று நழுவிவிட்டேன்.

என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பு. இங்கே பேச ஆளில்லை. மணியடிக்கிறார்கள், போகிறேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன்: டோர்ஸ்தான். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உன் இக்னேசியஸ்