ஆஷ்பியின் மூலை

ஜனவரி 6, திங்கள்

இல்லை, அவரைப் பிடிக்காமல் இல்லை. பிடிப்பது வேறு, ஜனாதிபதி ஆவார் என்று நம்புவது வேறு. இதைத்தான் காலையில் தங்கை மாரெனிடம் சொல்ல முயன்றேன். அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு, "அயோவால ரெண்டும் ஒண்ணுதான்டீ" என்றாள்.

பேச்சு செனட்டர் கொரின் ஆஷ்பியைப் பற்றி. ஜனாதிபதித் தேர்தலுக்கான வேட்பாளரை நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுப்பது எங்கள் அயோவா மாநிலம்தான். நவம்பர்வரை இங்கே யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. இப்போது முடிவெட்டும் இடத்தில்கூட "ஆஷ்பி தேறுவாரா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மாரென் அவருடைய பிரசாரத்தில் சேர்ந்து இரண்டு மாதம். எங்கள் வட்டத்துக்கு அவள்தான் பொறுப்பாளர்.

பனி. வாசலிலிருந்து தபால்பெட்டிவரை மாரென் தள்ளினாள். தபால்பெட்டியிலிருந்து சாலைவரை நான். அம்மா போனபிறகு ஏழு குளிர்காலமாக இதுதான் பங்கு.

ஜனவரி 9, வியாழன்

ஆசிரியர் ஹால்வர் என் மேஜையில் வந்து உட்கார்ந்தார். எங்கள் வாரப் பத்திரிகையில் நாற்காலிகள் குறைவு.

"எல்லாரும் ஆஷ்பி ஆஷ்பின்னு குதிக்கிறாங்க. சரக்கா, வெறும் காத்தா? அறுநூறு வார்த்தை எழுது."

"என் தங்கச்சி அங்க இருக்கா."

"ஊர்ல யாரு தங்கச்சிதான் அங்க இல்ல?"

ஜனவரி 11, சனி

நூலகத்தின் கீழ்த்தளம். அறுபது பேர், ஈரக் கம்பளி வாசனை. ஆஷ்பி மைக்கை விலக்கிவிட்டுப் பேசினார். குரல் அவ்வளவு தாழ்வு – அறை முழுவதும் ஒரே உடம்பாக முன்னால் சாய்ந்தது. வாக்கியத்தின் நடுவில் நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் தன் ஆசையை ஊற்றிக்கொள்கிறார்கள். விவசாயி தன் மழையை. ஆசிரியை தன் பள்ளியை.

நானும் எதையோ ஊற்றினேன். என்னவென்று வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டது.

ஜனவரி 12, ஞாயிறு

கனவு. ஆஷ்பி எங்கள் சமையலறையில் ரொட்டி வெட்டுகிறார். ஜன்னலுக்கு வெளியே ஆறு, ஆற்றின் மேல் மூடுபனி, மூடுபனிக்குள் மாரெனின் சிவப்பு மேலங்கி போய்க்கொண்டே இருக்கிறது. "உனக்கு எத்தனை துண்டு?" என்கிறார் ஆஷ்பி. "ரெண்டு" என்கிறேன். அவர் ஒன்றுதான் தருகிறார்.

ஜனவரி 14, செவ்வாய்

மாரென் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள். பிப்ரவரி காக்கஸ் கூட்டத்தில் அவரவர் வேட்பாளருக்கென்று ஒரு மூலையில் நிற்பார்கள். யாருடைய வட்டத்தில் ஆஷ்பியின் மூலை தேறுகிறதோ, அந்தப் பொறுப்பாளரை அடுத்து ஓட்டுப் போடும் நியூ ஹாம்ப்ஷயருக்குக் கூட்டிப் போவார்களாம். அதன் பிறகு அடுத்த மாநிலம். அதன் பிறகு அதற்கடுத்தது.

"எப்ப வருவே?"

"அவங்க ஜெயிச்சுக்கிட்டே இருந்தா, நவம்பர்ல தேர்தல் முடிஞ்சப்புறம்."

"தேறலைன்னா?"

"அத்தோட சரி. இங்கயே உன் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்."

சிரித்தாள். நானும்.

ஜனவரி 15, புதன்

கட்டுரையை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஒரே ஒரு பேச்சால் வந்த புகழ். ஆறு வருட செனட்டில் சொந்தமாகக் கொண்டுவந்த சட்டம் ஒன்றுகூட இல்லை. பெரிய நகரங்களுக்கு வெளியே ஆளே கிடையாது. "நாம் விரும்புவது ஆஷ்பியை அல்ல, அவருடைய மௌனத்தில் கேட்கும் நம் குரலை" என்று முடித்தேன்.

நன்றாக வந்திருக்கிறது. இத்தனை சுலபமாக எதுவும் எனக்கு வந்ததில்லை.

ஜனவரி 23, வியாழன்

இன்று வெளியானது. மாரென் குளிர்பெட்டி முன்னால் நின்றபடியே படித்தாள். கதவைத் திறந்தவள் மூடவில்லை. பால் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்த விளக்கின் வெளிச்சம் அவள் கழுத்தில்.

"சொல்றதெல்லாம் சரிதான். தப்புன்னு சொல்ல மாட்டேன்."

பத்திரிகையை மடித்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு சிக்ரிட். நியூ ஹாம்ப்ஷயர் விஷயத்த நான் சொல்றதுக்கு முன்னாடி எழுதினியா, அப்புறமா?"

அடுப்பில் ஏதோ பொங்கியதாகச் சொல்லி நகர்ந்தேன். அடுப்பில் எதுவும் இல்லை.

ஜனவரி 24

அப்புறம்தான் எழுதினேன்.

ஜனவரி 28, செவ்வாய்

கணிப்பா, வேண்டுதலா? ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு வரியும் உண்மை. மொத்தமாகச் சேர்த்தால் – போகாதேடீ. அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அறுநூறு வார்த்தையில்.

ஆனால் உண்மையும்தானே? ஆசைப்பட்டதாலேயே ஒன்று பொய்யாகிவிடுமா?

மாரென் பேசுகிறாள். உப்பு எடு, கதவைச் சாத்து, பேட்டரி தீர்ந்துபோச்சு. அந்த மாதிரிப் பேச்சு.

ஜனவரி 30, வியாழன்

பக்கத்து வீட்டு ஆர்வில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

"பொண்ணே! உன் கட்டுரைய என் பொண்டாட்டி சத்தமா வாசிச்சா. நான் ஆஷ்பி பக்கம்தான்னு அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணேன்."

"ஏன்?"

"நாப்பது வருஷமா நீங்க பேப்பர்காரங்க வெறுங்காத்துன்னு சொன்ன ஆளுங்கதான் ஜெயிக்கிறாங்க. நீ யாரு பக்கம் நிப்பே?"

"யாரு பக்கமும் இல்ல. பத்திரிகைல இருக்கேன்."

"அப்ப உனக்கும் ஒரு மூலை இருக்கு. முடிவு பண்ணாதவங்க மூலை. ஹாலைச் சூடாக்குற ரேடியேட்டர் பக்கத்துல போடுவாங்க, கதகதப்பா இருக்கும்."

பிப்ரவரி 3, திங்கள்

காக்கஸ். பள்ளியின் கூடைப்பந்து அரங்கு. இங்கே பெட்டியில் போடும் சீட்டு இல்லை. நாம் நிற்கும் இடம்தான் ஓட்டு. யார் எங்கே நிற்கிறார்கள் என்று பல் வைத்தியரிலிருந்து பாட்டு டீச்சர்வரை எல்லோரும் பார்க்கிறார்கள்.

கூட்டத் தலைவி எண்ணினாள். மொத்தம் எண்பது பேர். நூற்றுக்குப் பதினைந்து இல்லாத மூலை தேறாது. அதாவது பன்னிரண்டு பேர் வேண்டும்.

ஆஷ்பியின் மூலையில் பதினொன்று.

தேறாத மூலைக்காரர்களும் முடிவு பண்ணாதவர்களும் இடம் மாற அரை மணி நேரம். ரேடியேட்டர் பக்கம் நாங்கள் மூன்று பேர் – நானும் ஒரு வயதான தம்பதியும். ஆர்வில் பட்டர்ஸ்காட்ச் கேக் தட்டோடு வந்தார்.

"ஒரு ஆளு. ஒரே ஒரு ஆளு. லஞ்சம் வேணும்னா இந்தா, கேக்."

வயதான தம்பதி கேக்கை எடுத்துக்கொண்டு வேறு மூலைக்குப் போனார்கள். "அடப்பாவிகளா, கேக்கையாவது வெச்சுட்டுப் போங்க!" அரங்கே சிரித்தது.

மாரென் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. என்னைத் தவிர எல்லோரிடமும் போய்ப் பேசினாள். நடுக்கோட்டின் மேல் அவள் பூட்ஸிலிருந்து உருகிய பனி ஒரு சிறிய குளமாகக் கிடந்தது. அதில் விளக்குகள் மிதந்தன. அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படியே நின்றால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம். கதகதப்பாக இருக்கிறது. அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு நிமிஷம்."

எப்போது நடக்க ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. குளத்தை மிதித்தது நினைவிருக்கிறது. கட்டுரை எழுதியவள் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாரென் மறித்தாள். தாழ்ந்த குரலில், "யாருக்காக வர்றே? எனக்காகன்னா திரும்பிப் போயிடு."

"அவங்க ஜனாதிபதி ஆக மாட்டாங்கடீ. இப்பவும் அதான் சொல்றேன்."

"அப்ப எதுக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவங்கள நான் அளந்த கோல்ல, நீ போகக்கூடாதுங்கற ஆசையும் சேர்ந்து இருந்துச்சு. அத எடுத்துட்டுப் பாத்தா அவங்க எப்படின்னு – தெரியல. நெஜமாவே தெரியல."

மாரென் நகர்ந்து இடம் விட்டாள். ஆர்விலுக்கும் அவளுக்கும் நடுவில், ஒரு ஆள் அகலம்.

தலைவி விரல் நீட்டி எண்ணினாள். பத்து. பதினொன்று. விரல் என்மேல் வந்து நின்றது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாநிலம் முழுவதும் சேர்த்து ஆஷ்பி நான்காவது. பாதிப் பேர் கதை முடிந்தது என்கிறார்கள், பாதிப் பேர் இதுதான் ஆரம்பம் என்கிறார்கள். ஹால்வர் தொலைபேசியில், "நீ சொன்னது சரியாப் போச்சே!" என்றார். "தெரியலை" என்றேன். "எழுதினவளே நீதானே?" "அதான் தெரியலைங்கிறேன்."

மாரென் கட்டிலில் கம்பளிக் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கு ஜோடி இல்லை. என் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நிறம் சேரவில்லை. "பூட்ஸுக்குள்ள யாரு பாக்கப் போறா" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

நேற்று காலை பிரசார வேன் வந்தது. மாரெனின் சிவப்பு மேலங்கி அதில் ஏறியது. மூடுபனி இல்லை, நல்ல வெயில்.

இரவு நான்கு அங்குலப் பனி விழுந்திருக்கிறது. தபால்பெட்டியிலிருந்து சாலைவரை தள்ளினேன். கொஞ்சம் நின்றேன். பிறகு திரும்பி, தபால்பெட்டியிலிருந்து வாசல்வரை தள்ளினேன்.